ஓசை குறைந்த முதல் கணினி

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் வரிசை வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு மணி பத்து. முன்கூடத்தின் ஒரு மூலையில் படிப்பு மேசை. மறு மூலையில் பாட்டியின் கட்டில். அதிகாலையில் வேலைக்குப் புறப்பட வேண்டிய அப்பா மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்குகிறார். ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் பள்ளிப் பணித்திட்டத்தை முடிக்கக் கணினியை முடுக்குகிறார். உறவினர் ஒருவர் கழித்துக் கொடுத்த பழைய கணினி அது. முடுக்கிய மறுநொடியே அதன் விசிறிகள் உறுமத் தொடங்குகின்றன. பாட்டி புரண்டு படுக்கிறார்.

புதிய கணினி ஒன்றுக்காக அந்த வீட்டில் பணம் சேர்க்கிறார்கள். தம்பி வேகமான கணினி கேட்கிறான். அம்மா விலை குறைந்தது கேட்கிறார். பாட்டி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் போடாத பெட்டியாக இருக்க வேண்டும். இந்த மூன்று விருப்பங்களையும் ஒரே கணினியில் நிறைவேற்ற முடியுமா? பெருமளவுக்கு முடியும். அதற்கு, பாகங்களை நாமே தேர்ந்தெடுத்துப் பொருத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தமாகப் பொருத்தினால் எப்போதும் மலிவாக முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கணினி சில வேளைகளில் அதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஆனால், அதில் எந்தப் பாகத்தில் தரத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. நாமே தேர்ந்தெடுத்தால் எதில் செலவிடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பதை நாம் முடிவு செய்யலாம். பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கணினிப் பாகங்கள் எங்கோ தொலைதூரத்தில் தோன்றி நம் ஊருக்கு வருபவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது பாதி உண்மைதான். தாய்ப்பலகையில் நூற்றுக்கணக்கான சிறு பாகங்களைப் பற்றவைக்கும் ஈயமில்லாப் பற்றாசில் பெரும்பகுதி வெள்ளீயமே. பரவலாகப் பயன்படும் ஒரு வகைப் பற்றாசில் 96.5 விழுக்காடு வெள்ளீயமும் 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் கலந்திருக்கும். கிந்தா பள்ளத்தாக்கை உலகறியச் செய்த உலோகம் அந்த வெள்ளீயம்தான். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால், அதற்கு முன்பே வேறொரு தொழில் இந்நாட்டில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. 1972இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் அமைத்தது. ஈப்போவிலும் கார்செம், யூனிசெம் ஆகிய நிறுவனங்கள் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலைகளை நடத்துகின்றன. சில செயலிகளின் மேற்புறத்தில் மலேசியாவின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கடையில் வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள்.

இனித் தேர்வுக்கு வருவோம். முதலில் எழும் கேள்வி எந்தச் செயலியை வாங்குவது என்பதன்று. இந்தக் கணினியைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதே. கட்டுரை எழுதுதல், இணையத்தில் தேடுதல், இயங்கலை வகுப்பு, காணொளி பார்த்தல், நிரலாக்கம் பழகுதல், எளிய காணொளித் தொகுப்பு ஆகியவையே பெரும்பாலான மாணவர்களின் தேவை. இவற்றிற்குத் தனி வரைவியல் அட்டை வேண்டியதில்லை. அந்த அட்டையை விட்டுவிடுவதே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய சிக்கனம். அதுவே மிகப் பெரிய அமைதியும்கூட. ஏனெனில், அந்த அட்டை தனக்கென்று விசிறிகளையும் வெப்பத்தையும் கொண்டுவரும்.

கணினி ஏன் ஓசை எழுப்புகிறது? அது உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் காற்று கிழிபடும். பெட்டியின் தகடும் அதிரும். ஆகவே, ஓசையைக் குறைக்க விரும்புபவர் முதலில் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, ‘ஓசையில்லா விசிறி’ என்று பெட்டியில் அச்சிட்ட விசிறிகளை மட்டும் வாங்கி அடுக்குவது, கசியும் குழாயைச் சரிசெய்யாமல் வாளியை மாற்றிக்கொண்டே இருப்பதைப் போன்றது.

ஓசையை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறோம். இந்த அளவு நாம் பழகிய கூட்டல் கணக்குப்படி அமைவதில்லை. ஒரே அளவு ஓசை எழுப்பும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் ஓசை இரட்டிப்பாவதில்லை; 3 டெசிபல் மட்டுமே கூடும். 10 டெசிபல் கூடினால்தான் நம் காதுக்கு ஓசை ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் இரைச்சல் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முன்கூடமே படுக்கையறையாகவும் இருக்கும் வீட்டில் நம் கணினிக்கும் இதுவே இலக்கு.

செயலிதான் கணினியின் மூளை. வெப்பத்தின் முதன்மை ஊற்றும் அதுவே. வரைவியல் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்ட செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்னும் செயலி 2021இல் கடைகளுக்கு வந்தது. அதில் ஆறு கருக்கள் உள்ளன. அதன் வெப்ப அளவு 65 வாட். இண்டெலின் கோர் ஐ3-12100 நான்கு கருக்களும் 60 வாட் அடிப்படை அளவும் உடையது. இங்கே ஓர் எழுத்து நம் சேமிப்பையே வீணாக்கிவிடக்கூடும். இண்டெல் செயலியின் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் வரைவியல் பகுதி இயங்காது. விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி வந்து பொருத்தினால், திரையில் எதுவுமே தோன்றாது. பிறகு வரைவியல் அட்டைக்கு மீண்டும் பணம் தேட வேண்டும்.

65 வாட் என்பது பழைய குண்டு விளக்கு ஒன்றின் வெப்பத்திற்குச் சமம். அந்த விளக்கை வெறுங்கையால் தொட முடியாது. 5600ஜி செயலியில் அவ்வளவு வெப்பமும் கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு சிலிக்கான் துண்டிலிருந்து வெளிவருகிறது. செயலியின் மீது அமரும் குளிர்ப்பி அந்த வெப்பத்தை உறிஞ்சி, மெல்லிய அலுமினியத் தகடுகளில் பரப்பி, விசிறியின் காற்றில் விட்டுவிடுகிறது. செயலியோடு இலவசமாக வரும் சிறிய குளிர்ப்பி தன் வேலையைச் செய்யும். ஆனால், கடுமையான வேலை வரும்போது வேகமாகச் சுழன்று இரையும். செம்புக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுரக் குளிர்ப்பி ஒன்றைப் பின்னர்ப் பணம் சேர்ந்ததும் வாங்கிக்கொள்ளலாம். முதல் நாளே அது வேண்டும் என்பதில்லை. ஆனால், அது பின்னாளில் நுழையும் அகலமுள்ள பெட்டியை முதல் நாளே வாங்க வேண்டும். கோபுரக் குளிர்ப்பிகளில் பல 150 மில்லிமீட்டருக்கும் மேல் உயரமானவை.

விசிறியின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனெனில், ஓசையின் இரகசியம் இங்கேதான் உள்ளது. ஒரே வடிவமுள்ள விசிறிகள் ஒரே வேகத்தில் சுழன்றால், அவை தள்ளும் காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 80 மில்லிமீட்டர் விசிறியோடு ஒப்பிட்டால் 120 மில்லிமீட்டர் விசிறியின் விட்டம் ஒன்றரை மடங்கு. ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் 3.375 வரும். அஃதாவது, பெரிய விசிறி மூன்று மடங்குக்கும் மேலான காற்றைத் தள்ளுகிறது. இதைத் திருப்பிப் பாருங்கள். சிறிய விசிறி நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்று செய்யும் வேலையைப் பெரிய விசிறி ஏறத்தாழ 600 முறை சுழன்றே முடித்துவிடும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. வீட்டுக் கூரை விசிறி முதல் வேகத்தில் ஓசையே இல்லாமல் அறை முழுவதும் காற்றைத் தள்ளுவதும், கையடக்க விசிறி கீச்சிட்டுக்கொண்டு முகத்திற்கு மட்டும் காற்று தருவதும் இதனால்தான்.

ஆகவே, பெட்டியை வாங்கும்போது 120 மில்லிமீட்டர் விசிறி பொருந்துமா என்று பார்க்க வேண்டும். முன்புறம் காற்று உள்ளே வரத் துளைகள் நிறைந்த வலைத்தகடு இருப்பது நல்லது. முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடி வண்ண விளக்குகளை மினுக்கும் பெட்டிகள் கடையில் அழகாகத் தெரியும். ஆனால், காற்று நுழைய வழியில்லாததால் உள்ளே விசிறிகள் மூச்சுவாங்கச் சுழலும். அந்த விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல மின்வழங்கிக்குக் கொடுக்கலாம். முன்னால் ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒரு விசிறி வெளியே தள்ள, இரண்டே போதும். நான்கு ஊசிகளுள்ள இணைப்பு கொண்ட விசிறியாக இருந்தால், வெப்பத்திற்கு ஏற்ப அதன் வேகத்தைத் தாய்ப்பலகையே துல்லியமாகக் கட்டுப்படுத்தும்.

மின்வழங்கியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணினிக்குத் தேவையான தாழ்ந்த நேர்மின்னோட்டமாக மாற்றுவது இதன் வேலை. பெட்டியோடு இலவசமாக வரும் பெயரறியா மின்வழங்கி பழுதானால், தான் மட்டும் கெடுவதோடு நிற்காமல் தாய்ப்பலகையையும் தட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். ‘80 பிளஸ்’ என்னும் சான்று பெற்ற மின்வழங்கியை வாங்குவது நல்லது. 2004இல் தொடங்கிய இத்திட்டம், மின்வழங்கி உள்வாங்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு வீணாகாமல் கணினியைச் சென்றடைகிறது என்பதைச் சோதிக்கிறது. கணினிக்கு 100 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். திறன் 80 விழுக்காடாக இருந்தால் சுவரிலிருந்து 125 வாட் எடுக்கும். அவற்றில் 25 வாட் மின்வழங்கிக்குள்ளேயே வெப்பமாகும். திறன் 90 விழுக்காடாக இருந்தால் எடுப்பது ஏறத்தாழ 111 வாட். வெப்பமாவது 11 வாட் மட்டுமே. வெப்பம் பாதிக்கும் கீழே குறைந்தால் மின்வழங்கியின் விசிறியும் மெதுவாகச் சுழலும். மின் கட்டணமும் சற்றுக் குறையும். வரைவியல் அட்டை இல்லாத கணினிக்கு 450 வாட் அளவே தாராளம். 750 வாட் என்ற பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

தகவலைச் சேமிக்க முன்பெல்லாம் வன்தட்டைப் பயன்படுத்தினார்கள். அதனுள் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். அந்தச் சுழற்சி பெட்டியின் தகடுகளையும் முனக வைக்கும். இப்போது எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆதலால் ஓசையும் இல்லை. கணினி விரைவாக விழித்தெழுவதற்கும் அதுவே காரணம். 500 ஜிகாபைட் அளவில் தொடங்கினால் பள்ளிப் படிப்புக்குப் போதும்.

நினைவகத்தைப் பொறுத்தவரை 16 ஜிகாபைட் இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. வரைவியல் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கும் கணினியில், 16 ஜிகாபைட் துண்டு ஒன்றைவிட 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டு சிறந்தவை. ஏனெனில், அந்த வரைவியல் பகுதி தனக்கென நினைவகம் இல்லாமல் பொது நினைவகத்தையே கடன் வாங்குகிறது. இரு தடங்களில் தகவல் ஓடினால் அதன் வேகம் கூடும்.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதைத் தாய்ப்பலகையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 5600ஜி செயலிக்கு ஏஎம்4 என்னும் பொருத்துவாய் தேவை. 12100 செயலிக்கு எல்ஜிஏ1700 தேவை. ஒன்றுக்கானது மற்றொன்றில் அமராது. நினைவகத்திலும் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு தலைமுறைகள் உள்ளன. அவற்றின் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. முடியாததை அழுத்திச் செருகினால் பலகை உடையும். கடையில் நெடுநாள் இருந்த பழைய தாய்ப்பலகையாக இருந்தால், புதிய செயலியை அது அடையாளம் காணுமா என்று கேட்டறிய வேண்டும். தேவைப்பட்டால் அதன் பயாஸ் மென்பொருளைக் கடையிலேயே புதுப்பித்துத் தரும்படி கேட்கலாம்.

ஈப்போவில் கணினிப் பொருள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது யிக் பூங் வணிக வளாகம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே ஒரு முறை சுற்றி வந்து விலைகளைக் குறித்துக்கொள்வது நல்ல பயிற்சி. நினைவகத்தின் விலையும் எஸ்எஸ்டியின் விலையும் மாதத்திற்கு மாதம் ஏறி இறங்கும். ஆதலால், மூன்று கடைகளின் விலைப்பட்டியலை ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் செலவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுபவர்கள் பலர். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் திரைக்குப் பணம் இல்லை என்பது தெரியவரும்.

பணம் பற்றாக்குறையாக இருந்தால் பயன்படுத்திய பொருளை வாங்கலாமா? சிலவற்றை வாங்கலாம். திரை, பெட்டி, விசைப்பலகை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துச் சோதித்து வாங்கிவிடலாம். செயலி எளிதில் கெடுவதில்லை. ஊசிகள் வளையாமல் இருந்தால் அதுவும் சரியே. ஆனால், மின்வழங்கியையும் எஸ்எஸ்டியையும் புதிதாகவே வாங்க வேண்டும். மின்வழங்கியின் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் காலப்போக்கில் தளர்ந்துபோகும். எஸ்எஸ்டியில் எழுதும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் சிறிது தேயும். இரண்டின் உள்நிலையும் வெளியே தெரியாது. புதிய பொருளுக்கு இரசீதையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிட நேர்ந்தால் அந்த இரசீதுதான் சான்று.

பொருத்தும் நாளில் மேசையைத் துடைத்து, பாகங்களைப் பரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும்; ஆகவே, எதையும் தொடுமுன் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்வது வழக்கம். செயலியின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பொருத்துவாயின் குறியோடு நேராக வைத்தால் அது தானாகவே அமரும், அழுத்தக் கூடாது. செயலிக்கும் குளிர்ப்பிக்கும் இடையே ஒரு பட்டாணி அளவு வெப்பக்களிம்பு போதும். குளிர்ப்பியோடு களிம்பு ஏற்கெனவே பூசி வந்திருந்தால் அதுவும் வேண்டாம். மின்வழங்கியின் மூடியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். முதல் முறையாகப் பொருத்துபவர் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊருக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உண்டு. பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது ஈப்போவில் வாடிக்கை. இடி முழங்கத் தொடங்கியதும் கணினியின் மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் அதிர்வு தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. நீட்டிப்புக் கம்பி வாங்கினால் சிரிம் முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். பின்புறத்தில் பயன்படாத துளைகளைத் தகட்டால் மூடிவிடுங்கள். கணினியின் இதமான வெப்பத்தைத் தேடி எறும்பும் பல்லியும் குடிவருவதுண்டு. மின்வழங்கிக்குள் நுழைந்த பல்லி தானும் மாண்டு கணினியையும் மாய்த்துவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமீதோ மணைமீதோ வைத்தால் தூசியும் குறையும். தூசி படிந்த குளிர்ப்பி வெப்பத்தை விடாது. அப்போது மிக நல்ல விசிறியும் உறுமத்தான் செய்யும்.

எல்லாம் பொருத்தி முடித்துக் கணினியை முதன்முறை முடுக்கியதும் பலர் நேராக விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன்பு பயாஸ் அமைப்புக்குள் சென்று விசிறியின் வேகக் கோட்டைப் பார்க்க வேண்டும். செயலி 40, 50 பாகை செல்சியசில் இருக்கும்போதே விசிறி வேகமெடுக்கும்படி சில பலகைகளில் அமைத்திருப்பார்கள். 5600ஜி 95 பாகை வரை தாங்கும். ஆகவே, 60 பாகை வரை விசிறி மெதுவாகவே சுழலும்படியும் அதற்குமேல் படிப்படியாக வேகமெடுக்கும்படியும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. மாற்றிய பிறகு அரை மணி நேரம் காணொளி ஒன்றை ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். பெட்டி எங்காவது முனகினால், அந்த இடத்தில் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முனகல் நின்றால் அங்கே திருகாணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். விசிறியின் திருகாணிகளுக்கு அடியில் இரப்பர் வளையம் போட்டால் அதிர்வு தகட்டுக்குப் பரவாது. ஒரு காலத்தில் பேராக் முழுவதும் பால்வடித்துக் கொடுத்த இரப்பருக்கு இந்தச் சிறு பெட்டிக்குள்ளும் வேலை இருக்கிறது.

இறுதிச் சோதனையைப் பகலில் செய்து பயனில்லை. சாலையில் வண்டிகள் ஓடும்போது எல்லாக் கணினியும் அமைதியாகத்தான் தோன்றும். இரவு பத்து மணிக்கு, தொலைக்காட்சியை நிறுத்திய பிறகு முடுக்கிப் பாருங்கள். பாட்டியின் கட்டிலருகே நின்று கேளுங்கள். கூரை விசிறியின் ஓசை மட்டும் காதில் விழுந்தால் பணித்திட்டத்தைத் தொடரலாம்.